கோமதிக்கு ரத்தம் எடுத்த சனிக்கிழமை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஏழெட்டு வருடம் ஆகிறது. நினைத்ததோடு சரி. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடும். பெண்டாட்டியின் உடம்பைப் பற்றி ஒரு ஆண்பிள்ளை நாலு பேர் படிக்கும்படி எழுதலாமா என்ற கூச்சம் ஒன்று. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். டாக்டர்கள் சொன்னதை நான் தப்பாக எழுதி, அதை யாராவது நம்பிவிட்டால் அந்தப் பாவம் என்னைச் சேருமே என்ற பயம் இன்னொன்று.

இந்தக் கார்த்திகை மாதம் என் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் மகளுக்குப் பதினேழு வயது. நாலு மாதமாக அந்தப் பிள்ளைக்கு வீட்டு விலக்கு வரவில்லை என்று என் மனைவியின் காதில் சொல்லிவிட்டு, “மதினி, அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்” என்றாளாம். அவள் போன பிறகு கோமதி எனக்குச் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்குப் பட்டதை எல்லாம் எழுதிருங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. மறைச்சு மறைச்சு என்னத்தைக் கண்டோம்.”

அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் திருநெல்வேலி டவுனில் ஒரு வளவில் குடியிருக்கிறோம். வளவு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே நீளமாக ஒரு முடுக்கு, அதன் ரெண்டு பக்கமும் எட்டு வீடுகள். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். நான் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவன். காலையில் இருந்து இரவு வரை பெண்களோடுதான் பேச்சு. எந்த நிறம் யாருக்குச் சேரும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் சொந்த வீட்டில் கேட்க வேண்டிய ஒன்றை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் ஆனதில் இருந்தே கோமதிக்கு மாதாமாதம் வராது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வரும், சில சமயம் ஐந்து மாதம் ஆகும். நாள் தள்ளும்போதெல்லாம் என் அம்மா அவளை ஆசையாகப் பார்ப்பாள். குனிந்து கோலம் போட விடமாட்டாள். பிறகு ஒருநாள் வந்துவிடும். கோமதி மூன்று நாள் பின்கட்டு அறையில் தனியாக இருப்பாள். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம்.

வருடத்துக்கு வருடம் அவள் உடம்பு ஊதியது. இடுப்புக்குப் பலம் வேண்டும் என்று அம்மா உளுந்தங்களி கிண்டி, உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உருட்டிக் கொடுப்பாள். கோமதி அதைத் தின்றுவிட்டு, சில நாள் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருப்பாள். பிள்ளை இல்லாததை நினைத்து அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் வருடம் ஆடி மாதத்தில் வந்தது நிற்கவில்லை. மூன்று நாள் கழிந்து தலைக்கு ஊற்றினாள், மறுபடி பட்டது. அம்மா வாழைப்பூவை இடித்துச் சாறு கொடுத்தாள். ஒரு வாரம் தாண்டியும் நிற்கவில்லை. முகம் வெளுத்துப் போய்க் கிடந்தவளைப் பார்த்து, “என்னம்மா இவளுக்கு?” என்று கேட்டேன்.

“பொம்பளையாளுக சமாச்சாரம். நீ கடைக்குப் போலே” என்றாள் அம்மா.

போனேன். போயிருக்கும்போது வளவில் இருந்து ஆள் வந்தது. குழாயடியில் கோமதி விழுந்துவிட்டாள்.

ஜங்ஷன் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தோம். ரத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, உடனே ஏற்ற வேண்டும் என்றார்கள். என் கையை நீட்டினேன். என் வகை சேரவில்லை. புருஷன் என்று பேர், ஒரு சொட்டு கொடுக்க முடியவில்லை. கடை முதலாளி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் கடையை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு, வேலை பார்க்கிற நாலு பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

“வே சங்கரன், அழாதேயும்” என்றவர், ரத்தம் எடுக்கிறவரிடம் திரும்பி, “இவனுகள்ல எவன் சேருதானோ பாத்து எடுத்துக்கிடுங்க. சேரலைன்னா கடையில இன்னும் ஸ்டாக் இருக்கு” என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். ரெண்டு பேருடையது சேர்ந்தது.

அது பெண்கள் வார்டு. பார்வை நேரம் முடிந்தால் ஆண்கள் வெளியே போய்விட வேண்டும். அம்மா உள்ளே, நான் வராந்தாவில். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சொட்டுச் சொட்டாக இறங்குகிற பாட்டில் மட்டும் தெரியும், அவள் தெரியமாட்டாள். கந்தனை நினைத்து எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் சொல்வேன். பாதியில் அடுத்த வரி மறந்துபோகும். மறுபடி முதலில் இருந்து தொடங்குவேன். ராத்திரிகள் இப்படித்தான் போயின. இதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு ரத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும், வயிற்றில் பசை மாதிரி ஒன்றைத் தடவி ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். வலிக்காது. அடக்கிக்கொண்டு வரிசையில் காத்திருப்பதுதான் பாடு.

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். வயசானவர், கைராசிக்காரர் என்று பேர்.

“சினைப்பை ரெண்டு பக்கமும் பெருத்திருக்கு. கட்டி கட்டியா இருக்கு. உடம்பு தேறட்டும், திறந்து பாத்துடலாம்.”

“திறந்து எதை எடுப்பீங்க சார்?”

“எடுக்க வேண்டியதை எடுப்போம். திறந்தாத்தானே தெரியும்.”

கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அக்கா கட்டி வந்துதான் இறந்தாள். கோமதி கேட்டது வேறு.

“அதை எடுத்துட்டா அப்புறம் பிள்ளை?”

பெரிய டாக்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். “முதல்ல உயிரைப் பாப்போம்மா” என்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு சின்ன டாக்டரம்மா வருவார்கள். வெளியூரில் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கோமதியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

தலைக்குள் மூளைக்கு அடியில் பயறு அளவு ஒரு சுரப்பி இருக்கிறது. அது ஹார்மோன் என்று ஒன்றை ரத்தத்தில் விடும். அணையில் தண்ணீர் திறந்தால் கால்வாய் வழியாகக் கடைசி வயலுக்கு வந்து சேருகிற மாதிரி, அது சினைப்பைக்கு வந்து சேரும். வந்தால் சினைப்பையில் மாதம் ஒரு முட்டை முற்றி வெளியே வரும். திறக்கிற அளவு கூடக்குறைய ஆனால் பல முட்டைகள் பாதி வளர்ந்து அப்படியே நின்றுவிடும். அவற்றைச் சுற்றி நீர் கோர்த்து, ஸ்கேனில் பாசிமணி கோர்த்த மாதிரி தெரியும். நீர்க்கட்டி என்பது இதுதான், அம்மாவின் அக்காவுக்கு வந்த கட்டி இல்லை. முட்டை வராததால் மாதவிலக்கும் வராது. கர்ப்பப்பைக்குள் சவ்வு பாய் மேல் பாயாக விரிந்துகொண்டே போய், ஒருநாள் மொத்தமும் சரிந்துவிடும். கோமதி விழுந்தது அப்படித்தான்.

“ஆனா இதேமாதிரி வேற கோளாறுலயும் வரும்” என்றார்கள். “தலையில இருக்குற சுரப்பியிலயே சின்னக் கட்டி இருந்தாலும் மாதவிலக்கு நிக்கும். தைராய்டு கெட்டாலும் நிக்கும். எதுன்னு தெரியாம வயித்தைத் திறந்து என்ன செய்ய? ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடும்.”

அதற்கு ரத்தம் போதும். இங்கே எடுத்து மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் எந்த நாளிலும் எடுக்கக் கூடாது. விலக்கு வந்த ரெண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் எடுக்க வேண்டும். அப்போதுதான் உடம்பு புதிதாகக் கணக்குத் தொடங்கும், எது கூடுதல் எது குறைச்சல் என்று தெளிவாகத் தெரியும். மற்ற நாளில் எடுத்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

பெரிய டாக்டரிடம் அவர்களே போய்ப் பேசினார்கள். அவர் கோபப்படவில்லை. “பாத்துட்டு வரட்டும். ஐப்பசியில ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கேன். அதுக்குள்ள ரிப்போர்ட் வரலைன்னா திறந்துடுவேன். இன்னொரு தரம் இப்படிப் போச்சுன்னா இந்தப் பிள்ளை தாங்காது” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தால் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது.

அவளுக்குத் தானாக வராதே, அதனால் வரவழைக்க டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் புரட்டாசியில் இத்தனை நாள் போட்டு நிறுத்திவிட வேண்டும், நிறுத்தினால் ஒரு வாரத்தில் வரும், வந்ததும் ஓடி வாருங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, புரட்டாசியில் மாத்திரை தொடங்கினாள். ரெண்டு நாள் கழித்து அம்மா அந்தப் பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏளா கோமதி, இது தேருக்குப் போடுத மாத்திரைல்லா?”

எங்கள் ஊரில் அந்த மாத்திரையைத் தெரியாத பெண்கள் கிடையாது. தேர் சமயத்தில், கல்யாண வீட்டில், கோயில் கொடை நடக்கும்போது விலக்கு வந்துவிடக் கூடாது என்று கடையில் கேட்டு வாங்கிப் போடுவார்கள். அடுத்த வீட்டுப் பிச்சம்மாள் மதினியும் வந்து பார்த்தாள்.

“இதேதான். என் மக கல்யாணத்துக்கு நான் போட்டது இது. போட்டா வரவே வராது.”

“வர வைக்கணும்னு போனா வராம இருக்கதுக்குக் கொடுத்து விட்டிருக்கா” என்றாள் அம்மா. “இவ படிச்சது டாக்டருக்கா டீச்சருக்கா?”

எங்களுக்கு யாருக்கும் அப்போது தெரியாது, ரெண்டுக்கும் ஒரே மாத்திரைதான் என்று. போடுகிற வரைக்கும் பிடித்து வைக்கும். நிறுத்தினால் விடும். வளவில் பிடித்து வைக்க மட்டும்தான் அதைத் தெரியும்.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள். “சரி, கொடுத்தது கொடுத்துட்டா. இதைப் போடுத வரைக்கும் வராதுல்லா? ஆஸ்பத்திரியில வச்சு நான் திருச்செந்தூருக்கு நேந்தது அப்படியே நிக்கு. இன்னும் ஒரு பட்டை வாங்கிப் போட்டுக்கிட்டு, இந்த மாசத்துச் சஷ்டிக்குப் போயி முடிச்சிட்டு வந்துருவோம். அதுக்குப் பிறகு டாக்டரைப் பாத்து, கொடுத்தது தப்புன்னு சொல்லுவோம்.”

கோமதி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எப்போது வரும் என்று தெரியாத உடம்பை வைத்துக்கொண்டு அவள் அத்தனை வருடத்தில் ஒரு கோயிலுக்கும் நிம்மதியாகப் போனதில்லை. பிரகாரத்தில் நடக்கும்போதே பாதியில் பயம் வந்து வெளியே வந்துவிடுவாள். இந்தத் தடவை நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு, சன்னதியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கும்பிட்டாள். பின்னால் இருந்தவர்கள் “நகருங்கம்மா” என்று சொன்ன பிறகும் நின்றாள்.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் போனோம். வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். கோமதி எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“நான் விடுறதுக்குக் கொடுத்தேன். நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்களேம்மா.”

“எங்களுக்குத் தேருக்குப் போடதுதான் தெரியும் தாயி” என்றாள் அம்மா.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது, பாதியில் சிரிப்பும் வந்தது. “இன்னைக்கே நிறுத்துங்க. ஐப்பசிக்கு முன்னால ஒரு தடவைதான் வரும். அதை விட்டுறாதீங்க” என்றார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில், பின்கட்டில் இருந்து கோமதி குரல் கொடுத்தாள்.

“என்னங்க, வந்துட்டு.”

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரத்தம் எடுக்கிற லேபுக்குப் போனேன். அங்கே இருந்தவர் விவரமாகச் சொன்னார். “ஞாயித்துக்கிழமை லேப் கிடையாது. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. எடுத்ததைச் சுத்தி, தெளியுத மஞ்சத் தண்ணியைப் பிரிச்சு, ஐஸ்ல வச்சு, சாயங்கால மெட்ராஸ் ரயிலுக்கு அனுப்பணும். திங்கக்கிழமைன்னா நாலாம் நாளாயிரும், பிரயோசனம் இல்ல.”

“வீட்டுக்கு வந்து எடுக்க முடியுமா?”

“அதுக்கு ஆளு இல்லையே அண்ணாச்சி. எடுத்த உடனே மெஷின்ல போட்டுச் சுத்தணும்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“எப்படிலே கூட்டிட்டுப் போவ? வாசல்ல பிள்ளையார் இருக்காருல்லா.”

இதை விளக்க வேண்டும். எங்கள் வளவு வாசலில், உள்ளே நுழைகிற இடத்தில், சுவர் மாடத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். முடுக்கு அகலம் கம்மி. அவர் முன்னால் நடக்காமல் வெளியே போக வழியே கிடையாது. எங்கள் வளவுப் பெண்கள் விலக்கான மூன்று நாளும் வாசல் பக்கமே வரமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளும் அந்த மூன்று நாள் லீவு போட்டுவிடும்.

“அன்னைக்குத் தூக்கிட்டுப் போனோமே?” என்றேன்.

“அது உயிரு போற நேரம். அவருக்கே தெரியும். இது தெரிஞ்சே நடந்து போறது.”

அம்மாவைக் குறை சொல்வதற்கு முன்னால் பின்கட்டுக் கதவுக்கு வெளியே நின்று கோமதியிடம் கேட்டேன். அவளாவது வருவேன் என்பாள் என்று நினைத்தேன்.

“மாட்டேன்” என்றாள். “தினமும் நாந்தான் அவருக்கு விளக்கு வைக்கேன். அவரு முன்னால இப்படி நடந்து போனா அந்தப் பாவமும் சேந்து வரும். திறந்து எடுக்கதா இருந்தா எடுத்துட்டுப் போகட்டும்.”

கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். சாமியை விட்டுக்கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அந்தச் சாமியிடம் பயம் உண்டு. அவளை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போய்ப் படுத்ததுகூட நினைவு இல்லை.

விடிகிற சமயத்தில் அம்மா என்னைத் தட்டி எழுப்பினாள். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள்.

“ஏலே, போயி ஆட்டோ கூட்டிட்டு வா. வெளியவே நிக்கட்டும்.”

வாசலுக்குப் போனேன். பிள்ளையார் மாடத்தின் குறுக்கே, ரெண்டு ஆணியில், அம்மாவின் முகூர்த்தப் பட்டுச் சேலை கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அரக்குச் சேலை. அப்பா போன பிறகு அவள் அதைப் பெட்டியில் இருந்து எடுத்து நான் பார்த்ததில்லை.

“கோயில்ல அலங்காரம் பண்ணும்போது திரை போடுதாங்கல்லா?” என்றாள் அம்மா. “திரை போட்டா நாம அவரைப் பாக்கப்படாது, அவரும் நம்மளைப் பாக்க மாட்டாரு. அந்த நேரத்துல அவ போயிட்டு வந்துரட்டும்.”

சத்தம் கேட்டுப் பிச்சம்மாள் மதினி கதவைத் திறந்தாள். “இது என்ன சித்தி புதுப் பழக்கமா இருக்கு?”

“அலங்காரம் நடக்கு. திரையை விலக்காத.”

“யாரு பண்ணுதா அலங்காரம்? உள்ள யாரையும் காணுமே.”

“திரைக்கு உள்ள நடக்கதைக் கேக்கப்படாதுட்டி.”

மதினி திரையைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்தடுத்து மற்ற வீட்டுக் கதவுகளும் சாத்துகிற சத்தம் கேட்டது. அது கோபத்தில் சாத்தியதா, கோமதி யார் கண்ணிலும் படாமல் போகட்டும் என்று சாத்தியதா, எனக்கு இன்று வரை தெரியாது. நானும் கேட்கவில்லை.

கோமதி தலையைக் குனிந்துகொண்டு அந்த முடுக்கில் நடந்து வந்தாள். திரைக்கு முன்னால் வந்ததும் கால் தயங்கியது. அம்மா ஒரு கையால் சேலையின் ஓரத்தைக் காற்றில் விலகாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “பைய வா, பைய வா” என்றாள். மூன்று நாளும் தொடக் கூடாத மருமகளை மறு கையால் தோளில் தொட்டு வெளியே தள்ளிவிட்டாள். பிறகு தலைக்குக் குளிக்கப் போனாள்.

லேபில் கோமதி பெஞ்சில் உட்காரவில்லை. தான் விலக்கு, மற்றவர்கள் மேல் படக் கூடாது என்று சுவரோரம் நின்றாள். ரத்தம் போய்த் தேறி வந்த உடம்பு, வெறும் வயிறு. நான் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்ய. ஏற்கெனவே குளுக்கோஸ் ஏற்றிய கை, நரம்பு அகப்படவில்லை. குத்தி, குத்தி, மறு கையில் எடுத்தார்கள். அந்தச் சின்னக் குழாயில் இருந்ததைப் பார்க்கும்போது, இத்தனைக்கும் காரணம் இவ்வளவுதானா என்று இருந்தது.

அனுப்பியாகிவிட்டது. இனிக் காத்திருக்க வேண்டும். தினமும் கடைக்குப் போகும் வழியில் லேபுக்குப் போவேன். “இன்னும் வரல” என்பார்கள். ஐப்பசி பிறந்தது. பெரிய டாக்டர் குறித்த நாள் வந்தது. ரிப்போர்ட் வரவில்லை.

கோமதியை மறுபடி சேர்த்தோம். வயிற்றைச் சுத்தம் செய்தார்கள், பச்சைத் துணி கட்டிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். “என்ன ஆனாலும் உங்களுக்குச் சம்மதம்னு” என்றார் நர்ஸ். போட்டேன். டாக்டரம்மா அன்று வருகிற நாள் இல்லை.

பிறகு ஒன்று நடந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வரவில்லை. அவர் வீட்டில் கல்யாணம், மறுநாள்தான் வர முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆபரேஷன் ஒருநாள் தள்ளியது. அது முருகன் செயல் என்றுதான் நான் நம்புகிறேன். வேறு யாராவது, கல்யாண வீடு என்றால் அப்படித்தான் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அன்று சாயங்காலம் லேபில் இருந்து உறை வந்தது.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவும் பெரிய டாக்டரும் சேர்ந்து அதைப் பார்த்தார்கள். தலைச் சுரப்பி விடுகிற ரெண்டு ஹார்மோனில் ஒன்று மற்றதைவிட ரொம்பக் கூடுதல். தலைக்குள் கட்டி இருந்தால் ஏறுகிற ஹார்மோன் அளவோடு இருந்தது. தைராய்டு சரி. ஆண்களுக்கு உரிய ஹார்மோன் கொஞ்சம் கூடியிருந்தது. நீர்க்கட்டிக் கோளாறுதான், வேறு இல்லை.

பெரிய டாக்டர் தாளை மடித்தார். “கத்தி வேண்டாம். மாத்திரையில பாருங்க” என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அவ்வளவுதான். நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப குணமாயிருமா?” என்று அம்மா கேட்டாள்.

“இது குணமாகிப் போற நோய் இல்லம்மா. கூடவே வச்சுக்கிட்டுப் பாத்துக்கணும். எடையைக் குறைக்கணும், தினமும் நடக்கணும். மூணு மாசத்துக்கு மேல வராம விடக் கூடாது, வரவழைச்சுடணும். இல்லைன்னா மறுபடி அதேமாதிரி கொட்டும்” என்றார்கள். கருப்பட்டியும் எண்ணெயும் விட்ட களியைக் குறைக்கச் சொன்னபோது அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“உனக்கு எதுவும் கேக்கணுமாம்மா?” என்று டாக்டரம்மா கோமதியைக் கேட்டார்கள். பிள்ளையைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை வெளியே போகச் சொல்வது போல ஒரு தடவை பார்த்தாள். பிறகு, இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, சேலைத் தலைப்பை மோவாயில் இருந்து எடுத்தாள்.

“இந்த முடி. இதும் அதனாலயா?”

நாடிக்குக் கீழே கறுப்பாக முளைத்து, பிடுங்கிப் பிடுங்கிப் புண்ணாகிக் கிடந்தது. பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் செய்தது இதுதான். ஐந்து வருடம் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாது.

“அதனாலதான். அந்த ஹார்மோன் எல்லாப் பொண்ணுங்களுக்கும் உண்டு, உனக்குக் கொஞ்சம் கூட. நீ ஒண்ணும் பண்ணல” என்றார்கள்.

“சாமி குத்தமோன்னு நினைச்சேன்” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். விழுந்த அன்றும் அழாதவள், கட்டி என்றபோதும் அழாதவள்.

வருடங்கள் போய்விட்டன. காலையில் ரெண்டு பேரும் ஆற்றுப்பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருவோம். பிள்ளைக்காகவும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சில மாதம் முட்டை வந்தது என்றார்கள், தங்கவில்லை. ஒரு கட்டத்தில் கோமதியே, “போதும்ங்க, உடம்பு இருக்கட்டும்” என்றாள். மறுபடி அப்படி ரத்தம் கொட்டவில்லை. வரவில்லை என்றால் வரவழைக்கிறோம். அது எங்கள் வீட்டில் இப்போது ரகசியம் இல்லை, நானே கேட்கிறேன்.

இதை யாருக்கு எழுதுகிறேன் என்றால், மகளுக்கு நாள் தள்ளுகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிற அம்மாமாருக்கும், பெண்கள் சமாச்சாரம் என்று கடைக்குப் போய்விடுகிற என்னைப் போன்றவர்களுக்கும். நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். எந்த நாளில் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்களோ அந்த நாளில் எடுங்கள். மாத்திரையின் பேரை வேண்டுமென்றே நான் எழுதவில்லை. அதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுதல். போன மாதம் கடைக்குச் சேலை எடுக்க வந்த ஒரு அம்மா, நான் யார் என்று தெரியாமல், எங்கள் கதையை என்னிடமே சொன்னார்கள். “டவுன்ல ஒரு வளவுல பிள்ளையாருக்குத் திரை போட்டு மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கா ஒரு மாமியா. அடுத்த வருஷமே ஆம்பளப் பிள்ளை. விநாயகம்னு பேரு வச்சிருக்காங்களாம்” என்றார்கள். நான் மடித்துக்கொண்டிருந்த சேலையை மடித்துக் கொடுத்தேன். வீட்டில் போய்ச் சொன்னபோது கோமதி, “பேரு நல்லாத்தான் இருக்கு” என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நல்ல மனசோடுதான் சேர்த்திருப்பார்கள். ஆனால் இதைப் படிக்கிறவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுக்கும்போது உள்ளபடியே கொடுங்கள். நாங்கள் செய்த தப்பை விட்டுவிட வேண்டாம், சாமியையும் விட்டுவிட வேண்டாம். எங்களுக்குப் பிறக்காத பிள்ளையைப் பிறந்ததாகச் சேர்க்கவும் வேண்டாம்.